மூவருக்கு ஒரு டென்ட்: எத்தனை பருவம், எவ்வளவு இடம்?

கேள்வி:

நான், கணவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் மூவரும் மலையேற்றத்தில் ஆர்வம் உள்ளவர்கள். இதுவரை ஏற்பாட்டாளர்கள் கொடுத்த டென்ட்டில்தான் தங்கியிருக்கிறோம். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கிறோம். விடுமுறை நாட்களில் கொடைக்கானல், கோத்தகிரி பக்கம் தனியார் தோட்டங்களில் காரை நிறுத்திவிட்டு இரவு தங்குவோம். அடுத்த ஆண்டு ஜூலையில் ஹம்ப்டா கணவாய் போக எண்ணம். அதற்குப் பிறகு ஒரு டிசம்பரில் கேதார்கந்தா பனியில் படுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. கணவர் ஆறடி உயரம். நெருக்கிப் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது.

கடையில் நான்கு பேருக்கான, நான்கு பருவ டென்ட் ஒன்றைக் காட்டினார்கள். எடை ஐந்தரைக் கிலோ. "இது ஒன்று போதும், எந்த ஊருக்கும் தாங்கும்" என்கிறார்கள். இன்னொன்று மூன்று பேருக்கானது, மூன்று பருவ டென்ட், மூன்று கிலோவுக்குள் வருகிறது. ஆனால் விலை அதைவிடக் கூடுதல். எதை வாங்குவது? மழை பிடித்துக்கொண்டால் உள்ளேயே அடுப்புப் பற்றவைத்துச் சமைக்கலாமா?

– வாசகி, பொள்ளாச்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மூன்று பருவ டென்ட்டையே வாங்குங்கள். கேதார்கந்தாவுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். சமையல் ஒருபோதும் உள்ளே வேண்டாம். உங்கள் கேள்விகளுக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கும் பொருள், அதை நம்பி ஒரு பிள்ளையை மலைக்கு அழைத்துப் போகிறீர்கள். ஆகவே காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் 'பருவம்' என்ற கணக்கு. நான்கு என்றால் மூன்றைவிடக் கதகதப்பாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், கடைக்காரர்களும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். உண்மையில் நான்கு பருவ டென்ட் என்பது பனிச்சுமைக்கும் சூறைக்காற்றுக்கும் கட்டப்பட்டது. கூரைமேல் இரவெல்லாம் பனி விழுந்து குவிந்தாலும் மடங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காக அதில் கம்பிகள் அதிகம், தடிமனும் அதிகம். ஒன்றையொன்று பல இடங்களில் குறுக்கே வெட்டிப் போகும் அந்தக் கம்பி அமைப்பு பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் ஜியோடெசிக் கவிகையிலிருந்து வந்தது. 1975-இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் 'ஓவல் இன்டென்ஷன்' என்ற டென்ட்டில் அந்த முறையைக் கொண்டுவந்தது; இன்றைய உயர்மலை டென்ட்டுகள் பலவற்றுக்கும் அதுதான் முன்னோடி. எந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தாலும் விசை எல்லாக் கம்பிகளுக்கும் பகிர்ந்து போய்விடும். அருமையான கண்டுபிடிப்பு. கோத்தகிரித் தோட்டத்தில் படுக்க அது தேவையில்லை.

தேவையில்லை என்பதோடு போனால் பரவாயில்லை, தொந்தரவும் கொடுக்கும். பனித்துகள் உள்ளே வராமல் இருப்பதற்காக அந்த டென்ட்டின் உட்கூட்டில் வலைத்துணியைக் குறைத்து முழுத்துணியாகத் தைத்திருப்பார்கள். மேலே போர்த்தும் வெளிவிரிப்பும் தரையைத் தொடும். நம் மலைகளில் மழைக்காலத்து இரவுக் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்து நிற்பது. மூன்று பேர் இரவு முழுவதும் விடும் மூச்சில் இருக்கும் நீராவி அந்த டென்ட்டை விட்டு வெளியேற வழி இராது. விடியற்காலையில் சுவர் வியர்த்து, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு நனைந்திருக்கும். "டென்ட் ஒழுகுகிறது" என்று கடையில் திருப்பிக் கொடுக்க வருபவர்களில் பலருடைய டென்ட்டில் ஓட்டையே இருக்காது. அவர்கள் மூச்சுதான் கூரையில் குளிர்ந்து நீராகியிருக்கும்.

இது நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வானம் தெளிவாக இருக்கும் இரவில் வெளிவிரிப்புத் துணி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுச் சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அதன் அடிப்பக்கத்தில் நீர் முத்து முத்தாகக் கோக்கும். இதை எந்த விலையுயர்ந்த டென்ட்டாலும் அடியோடு நிறுத்த முடியாது. செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, அந்த நீர் நம்மேல் படாமல் நடுவில் இன்னொரு அடுக்கு இருப்பது: வெளிவிரிப்பு தனி, உட்கூடு தனி என்ற இரட்டை அடுக்கு டென்ட். ஒற்றை அடுக்கில் வரும் மலிவான டென்ட்டுகளையும், வீசினால் தானே விரியும் வட்டத் தட்டு வகையையும் இந்தக் காரணத்துக்காகவே தள்ளிவிடுங்கள். இரண்டாவது, கூரை உச்சியில் காற்றுத்துளை, வெளிவிரிப்பின் அடியில் ஒரு சாண் இடைவெளி. கீழே நுழையும் குளிர்காற்று உள்ளிருக்கும் ஈரக்காற்றை உச்சித் துளை வழியாக வெளியே தள்ளும். குளிர்கிறதே என்று அந்தத் துளையை மூடிவிட்டுப் படுப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பரவலான தவறு. டென்ட்டின் உள்ளே வெளியைவிடச் சில டிகிரிதான் கூடுதலாக இருக்கும், துளையை மூடினாலும் சரி, திறந்தாலும் சரி. கதகதப்பு உடம்புக்குக் கீழே விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டிலிருந்தும் மேலே இருக்கும் ஸ்லீப்பிங் பேக்கிலிருந்தும் வர வேண்டியது. டென்ட்டுக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல மேட்டுகளுக்குக் கொடுங்கள்.

மூன்று பருவத்திலும் உட்கூடு இரண்டு விதமாக வருகிறது. முழுக்க வலையாக இருப்பது ஒன்று. பாதிச் சுவர்வரை துணி, மேலே வலை என்று இருப்பது மற்றொன்று. உங்களுக்கு இரண்டாவது. கொடைக்கானலின் சாரலுக்கு இரண்டுமே சரிதான். ஆனால் ஹம்ப்டாவில் கணவாயைத் தாண்டிய பிறகு இறங்கும் ஷியா கோரு முகாமில் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக வரும் காற்று சில்லிட்டு வீசும்; அது வெளிவிரிப்பின் அடியில் புகுந்து முழு வலை உட்கூட்டுக்குள் நேராக உங்கள் முகத்துக்கு வந்துவிடும். பாதித் துணி அதைத் தடுக்கும். ஹம்ப்டா நீங்கள் வாங்கப்போகும் டென்ட்டுக்கு நல்ல பரீட்சை. 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாயின் இந்தப் பக்கம் குலு, ஜூலையில் மழை கொட்டும் பச்சை மலை. அந்தப் பக்கம் லாஹுல், மழை மறைவுப் பகுதி, வறண்ட கல்லும் மணலும். ஒரே பயணத்தில் இரண்டு விதமான வானிலை. பாதி வலை, இரட்டை அடுக்கு, உறுதியான அலுமினியக் கம்பி உள்ள மூன்று பருவ டென்ட் இரண்டையும் தாங்கும்.

இனி இடம். கணவர் ஆறடி என்றீர்கள், அதாவது 183 சென்டிமீட்டர். டென்ட்டின் பெட்டியில் 'மூன்று பேர்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது மூன்று மேட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துப் போட்ட கணக்கு. சாதாரண மேட்டின் அகலம் 51 சென்டிமீட்டர், அகல மேட் ஏறத்தாழ 64. கணவருக்கு அகல மேட், உங்களுக்கும் மகனுக்கும் சாதாரண மேட் என்றால் மொத்தம் 166. உட்தரை தலைமாட்டில் 175-க்குக் குறையாமலும், கால்மாடு குறுகும் டென்ட்டாக இருந்தால் அங்கே அந்த 166-க்குக் குறையாமலும் இருந்தால் மூவரும் நிம்மதியாகப் படுக்கலாம், பைகள் வெளியே முன்திண்ணையில், அதாவது கதவுக்கு முன்னால் வெளிவிரிப்பு மூடும் இடத்தில், இருந்தால்.

நீளத்தை விட்டுவிடாதீர்கள். 183 சென்டிமீட்டர் மனிதருக்கு 210 போதும் என்று தோன்றும். போதாது. காற்றடைத்த மேட் அவரை ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்த்தும். சாய்ந்த சுவர் அந்த உயரத்தில் இன்னும் உள்ளே வந்திருக்கும். தலையோ காலோ சுவரில் பட்டால் அங்கே கோத்திருக்கும் நீர் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இறங்கும். 220-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள்.

பலரும் தரையின் பரப்பை மட்டும் ஒப்பிடுகிறார்கள், விசாலம் என்பது சுவரின் சாய்வில் இருக்கிறது. இரண்டே கம்பிகள் குறுக்காகப் போகும் எளிய கவிகை டென்ட்டில் 120 சென்டிமீட்டர் உயரம் என்று போட்டிருந்தால், அந்த உயரம் நட்ட நடுவில் ஒரே ஒரு புள்ளியில்தான் கிடைக்கும். மூன்று பேர் மழைக்குள் உட்கார்ந்து சீட்டாட வேண்டுமென்றால் மூவரும் அந்தப் புள்ளிக்கே முட்டிக்கொள்ள வேண்டும். அதே டென்ட்டின் உச்சியில் குறுக்காக இன்னொரு சிறு கம்பி இருந்தால் சுவர்கள் இரண்டு பக்கமும் நிமிர்ந்துவிடும். உயரம் கூடாமலேயே உட்காரும் இடம் இரட்டிப்பாகத் தெரியும். அந்தக் கம்பியின் எடை அற்பம். கடையில் காட்டிய மூன்று பருவ டென்ட்டில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை கூடுதலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கதவு இரண்டு வேண்டும், எதிரெதிர்ப் பக்கங்களில். நடு இரவில் மகன் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தால் அப்பாவை மிதித்துக்கொண்டு போகக் கூடாது. இரண்டு கதவென்றால் இரண்டு முன்திண்ணை. ஈரச் செருப்பும் பைகளும் அங்கே போகும். காற்று ஒரு பக்கம் மழையைத் தள்ளினால் மறுபக்கக் கதவைத் திறக்கலாம். இதற்காக 200 கிராம் கூடினாலும் தயங்காமல் சுமக்கச் சொல்வேன்.

சுமக்கும் எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐந்தரைக் கிலோ காருக்கு ஒன்றுமில்லை, முதுகுக்கு அது தண்டனை. மூன்று கிலோ டென்ட்டை இரண்டு பெரியவர்கள் பிரித்துக்கொண்டால் கணவரிடம் கம்பியும் முளையும் வெளிவிரிப்பும், உங்களிடம் உட்கூடு; ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. மகனின் பையில் டென்ட்டின் எந்தப் பகுதியும் வேண்டாம். அவன் தன் உடையையும் தண்ணீரையும் சுமந்தால் போதும்.

துணி, கம்பி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைபர் கிளாஸ் கம்பி மலிவு. உடைந்தால் சிராய் சிராயாகப் பிளக்கும், அது துணியையும் கிழிக்கும். அலுமினியம் வளையும், ஒரு சிறு குழாயை மேலே செருகி ஒட்டினால் பயணத்தை முடித்துவிடலாம். அலுமினியமே வாங்குங்கள், அந்தச் சரிசெய்யும் குழாய் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீர் தாங்கும் திறனை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள்: துணியின்மேல் அத்தனை உயர நீரை நிறுத்தினால்தான் கசியத் தொடங்கும் என்று பொருள். வெளிவிரிப்புக்கு 1,500-க்கு மேல், தரைக்கு 3,000-க்கு மேல். தரைக்கு ஏன் அதிகம் என்றால் ஈர மண்ணில் நாம் முழங்கால் ஊன்றும்போது அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் கூரைமேல் விழும் மழையைவிட எத்தனையோ மடங்கு. டெனியர் என்பது நூலின் பருமன். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுவே டெனியர். தரைக்கு 60-70 டெனியர் இருந்தால் சிறுவன் புரண்டு விளையாடினாலும் தாங்கும். நைலானா பாலியெஸ்டரா என்று கேட்டால், உங்களுக்குப் பாலியெஸ்டர் வெளிவிரிப்பு. நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும், நடுராத்திரி எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது, உயரமான மலையில் அடிக்கும் வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும்.

மழையில் டென்ட் போடும் வரிசையையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான டென்ட்டுகளில் உட்கூட்டை முதலில் நிறுத்தி, அதன்மேல் வெளிவிரிப்பைப் போர்த்த வேண்டும். கொட்டும் மழையில் இதைச் செய்தால் படுக்கும் தரையில் தண்ணீர் தேங்கிவிடும். வெளிவிரிப்பை முதலில் நிறுத்திவிட்டு, அதன் நிழலில் உட்கூட்டைத் தொங்கவிடும் வகை உண்டு. இரண்டையும் சேர்த்தே ஒரே வீச்சில் நிறுத்தும் வகையும் உண்டு. ஸ்வீடனின் ஹில்லபெர்க் நிறுவனம் 1973-லேயே இந்தக் கடைசி வகையைச் செய்துவிட்டது. அந்த நிறுவனத்தின் டென்ட் நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை, ஆனால் அதே முறையில் மலிவாகவும் வருகிறது. மழையை நம்பி வாழும் மலைகளுக்குப் போகிறவர்களுக்கு, இரண்டு டென்ட் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் இதுதான் தீர்மானிக்க வேண்டிய அம்சம்.

சமையல் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். டென்ட்டுக்குள் ஸ்டவ், கரியடுப்பு, ஹீட்டர் எதுவும் கூடாது. எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கனக்கிறது என்று படுப்பவர் எழுந்திருக்க மாட்டார். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி குளிர்காலத்தில் வந்துகொண்டே இருக்கிறது. துணியோ தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும். முன்திண்ணையில் வைத்துச் சமைப்பதையும் நான் ஏற்கமாட்டேன், பிள்ளை உள்ளே இருக்கும்போது ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அதற்கு மாற்றாக, மூன்றுக்கு மூன்று மீட்டரில் எடை குறைந்த தார்ப்பாய் ஒன்று வாங்குங்கள். முக்கால் கிலோவுக்குள் கிடைக்கும். டென்ட்டிலிருந்து தள்ளி இரண்டு மரங்களுக்கு நடுவே, காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டினால் அதன் கீழே மூவரும் உட்கார்ந்து சமைத்துச் சாப்பிடலாம், ஈர உடைகளைத் தொங்கவிடலாம். மூன்று பேர் டென்ட்டை நான்கு பேர் டென்ட்டாக மாற்றினால் கிடைக்கும் இடத்தைவிட இந்தத் தார்ப்பாய் கொடுக்கும் இடம் பெரிது, அதுவும் பகலில் தேவைப்படும் இடம். காட்டோரத்தில் உணவு மணம் டென்ட்டில் படியாமல் இருப்பதும் முக்கியம். நம் மலைகளில் யானையும் கரடியும் உண்டு. சாப்பாட்டுப் பையைக் காரில் பூட்டிவிட்டுப் படுங்கள்.

கேதார்கந்தாவுக்கு வருகிறேன். டிசம்பரில், 3,800 மீட்டர் உயரமுள்ள அந்த மலையைச் சுற்றிய முகாம்களில் தரையே பனிதான். மூன்று பருவ டென்ட்டின் மேல் ஈரப் பனி குவிந்தால் கூரை தொய்ந்து முகத்தருகே வரும், கம்பி முறியவும் கூடும். அடியில் விட்டிருக்கும் இடைவெளியைப் பனி அடைத்தால் காற்றோட்டமும் நின்றுவிடும். அங்கே நான்கு பருவ டென்ட்தான் வேண்டும். ஆனால் அடிவார ஊரான சாங்க்ரியிலிருந்து அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர்களே அத்தகைய டென்ட்டைத் தருகிறார்கள். தனியாகப் போகும் பயணங்களுக்கு மணாலி, லே போன்ற ஊர்களில் வாடகைக்கும் எடுக்கலாம். வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை வரும் பனிக்காக, மற்ற எல்லாப் பயணத்திலும் கூடுதலாக இரண்டரைக் கிலோ சுமக்க வேண்டாம். அந்தப் பயணத்துக்கு நீங்கள் சொந்தமாக வைத்திருக்க வேண்டியது பனித்தரைக்கு ஏற்ற மேட். அதன் வெப்பத்தடை எண் நான்குக்கு மேல் இருக்கட்டும்.

எங்கே போடுவது என்பதில் ஒரு எச்சரிக்கை. 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்த குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. அனுமதி இல்லாமல் வனத்துக்குள் டென்ட் போட முடியாது, போடவும் கூடாது. வனத்துறை 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு போகலாம். கேதார்கந்தா இருக்கும் உத்தராகண்டிலும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்க 2018-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் யானை வரும் பாதை எது என்று கேட்டுவிட்டு இடம் பாருங்கள்.

வாங்கும் முன் கடையிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் மேட்டுகளோடு உள்ளே படுங்கள், உட்காருங்கள், சட்டை மாற்றுவதுபோல் கையைத் தூக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் போட்டு அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் அடித்துத் தையல்களைப் பாருங்கள். கம்பிகளின் பலத்திலேயே நிற்கும் வகை என்றால் மாடியிலும் நிற்கும். அதற்காக மலையில் முளை அடிக்காமல் விட்டுவிடாதீர்கள், காற்று அப்படியே தூக்கிப் போய்விடும். கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகள் நம் மழைமண்ணில் பிடிக்காது. ஒய் வடிவ அலுமினிய முளைகள் ஒரு டஜன் தனியாக வாங்குங்கள். விமானத்தில் போகும்போது அவை கைப்பையில் இருக்கக் கூடாது.

பயணம் முடிந்து வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், டென்ட்டை விரித்து நிழலில் உலர்த்துங்கள். துணியின் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் சிதையத் தொடங்கும். பிசுபிசுவென்று ஒட்டும், ஒரு புளித்த நாற்றம் வரும், பிறகு உரிந்து விழும். அந்த நிலைக்குப் போன டென்ட்டை மீட்க முடியாது. நன்றாகக் காய்ந்த பிறகு, அதனோடு வந்த இறுக்கமான உறையில் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, பரணில் வைக்காமல் காற்றாடும் அலமாரியில் வையுங்கள். பொள்ளாச்சி மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி மறுபடி வையுங்கள்.